மஞ்சள் வெலை என்ன சாமி?

எங்கள் அம்மாவுக்கு ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாது என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. சொந்தக்காரர்களை மறுத்துப் பேசும் தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் விஷயம் வேறு. அம்மாவுக்கு ஓய்வைப் பற்றி நன்றாகவே தெரியும். வேலைக்கு நடுவிலேயே அதை எடுத்துக்கொண்டுவிடுவாள். கட்டிலைப் போட்டுப் படுத்து எடுத்துக்கொள்ளாததால் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

நான் கட்டில் ஜாதி. காலமெல்லாம் வங்கியில் உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போது கோயமுத்தூரில் மூன்றாவது மாடியில் ஓய்வெடுத்துக் களைத்துப்போயிருக்கிறேன். மகள் வாங்கிக் கொடுத்த கடிகாரம் ஒன்று கையில் இருக்கிறது. பிரிட்ஜ் வரைக்கும் இரண்டு நடை போய்வந்தால் பாராட்டுகிறது. மொட்டை மாடியில் பைகளில் தேங்காய்நார்த் தூளை நிரப்பித் தக்காளி போட்டேன். காய்த்தது. பை, விதை, உரம், வேப்பெண்ணெய், பூவாளி எல்லாவற்றையும் கூட்டி, வந்த தக்காளியால் வகுத்துப் பார்த்தேன். தக்காளி ஒன்று என்ன விலைக்கு விழுந்தது என்பது வங்கி ரகசியம். மனைவி அதை ரசத்தில் பிழிந்துவிட்டு, "பரவாயில்லையே, இன்னைக்குப் புளி கொஞ்சம் மிச்சம்" என்றாள். நான் ஒரு விவசாயியின் மகன் என்பது அந்தப் புளிக்குத்தான் தெரியும்.

எங்கள் தோட்டம் கோபிச்செட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருந்தது. நாலு ஏக்கராவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கிணறு, ஓட்டுச் சாளை, கட்டுத்தறி, ஒரு களம். பவானிசாகர் அணையைக் கட்டத் தொடங்கியது 1948-ல், முடித்தது 1955-ல். அம்மா அதைவிட மூன்று வயசு மூத்தவள். "அணையும் நானும் ஒண்ணாத்தான் வளந்தோம், பேரு மட்டும் அதுக்குப் போயிருச்சு" என்பாள். வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் அதை நம்பி இருக்கிறது. அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு வருஷம் நெல்லுக்குத் தண்ணீர் என்றால், இரட்டைப்படைக்காரர்கள் தை வரைக்கும் காத்திருந்து கடலையோ எள்ளோ போட வேண்டும். அடுத்த வருஷம் மாறும். வழக்கமாக ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் நெல்லுக்குத் திறப்பார்கள். ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் தின்கிற அந்த நாளில் அம்மா மம்முட்டியும் கையுமாகப் பாசனக் கால்வாயில் நிற்பாள். தண்ணீர் தலை காட்டியதும், "வந்துருச்சுடா சொதந்தரம்!" என்று கத்துவாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், மரியாதைக்குரிய மனிதர், அவரும் பதிலுக்குக் கத்துவார். இரண்டு பேருக்கும் சேர்த்து வெட்கப்படும் வேலை என்னுடையது. அதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

அவள் பார்த்த வேலையை வரிசையாக எழுதினால் உங்களுக்கும் எனக்கும் மூச்சு வாங்கும். விடிவதற்கு முன்னால் சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, சோறாக்கி, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால் பொழுது சாயும்போது தலையில் புல்லுக்கட்டோடு வருவாள். அப்புறம் மறுபடி பால். 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. இலவசமாகக் கொடுக்கிறவரிடம் எத்தனை மணிக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்க முடியுமா? மும்முனைக் கரண்ட் பெரும்பாலும் நடுராத்திரிதான் வரும். அம்மா எழுந்து போய் மோட்டாரைப் போட்டு, மடை மாற்றி மடை மாற்றித் தண்ணி கட்டுவாள். லீவில் வந்திருக்கும்போது ஒரு தடவை, "நான் போறேம்மா" என்று எழுந்தேன். "நீ படு சாமி. உன்னெ நம்பி மடையத் தொறந்தா தண்ணி மைசூருக்குத்தான் போகும்" என்றாள். எவ்வளவு அன்பான தாய். உடனே படுத்துக்கொண்டேன்.

களையெடுப்புதான் அவள் கொலுவிருந்த இடம். மஞ்சளுக்கு ஒரு களையெடுத்தால் போதாது. மூன்று நாலு தடவை எடுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசை போட்டு உட்கார்ந்து நகர்வார்கள். அம்மாவும் அந்த வரிசையில் ஒருத்தி. உட்கார்ந்ததும் சினிமாக் கதை ஆரம்பிக்கும். டூரிங் கொட்டகையில் ஒரு படம் பார்த்தால் அதை அவள் மூன்று நாளைக்குச் சொல்வாள். நம்பியார் கையில் கத்தி இருக்கும், எம்.ஜி.ஆர். கை கட்டிப் போட்டிருக்கும், சரோஜாதேவி மாடியிலிருந்து விழப்போவாள், அங்கே நிறுத்திவிடுவாள். "அக்கா, அப்பறம்?" "அப்பறம் என்ன, அந்தப் பார் முடியட்டும்." பார் முடியும், எம்.ஜி.ஆரின் ஒரு கை அவிழும். இன்னொரு கை அவிழ இன்னும் ரெண்டு பார் இருக்கிறது.

வேலைக்காரர்களை ஊக்குவிப்பது எப்படி என்று வங்கியில் எங்களைக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள், சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். நான் மேலாளராக இருந்த கிளையில் அதற்குப் பிறகும் யாரும் சீக்கிரம் நகரவில்லை. என்னிடம் நம்பியார் இல்லை.

கதையில் இன்னொரு சங்கதி இருந்தது. வயலில் களை அதிகம் என்றால் அம்மா படத்தை நீட்டுவாள். படத்தில் இல்லாத ஒரு தங்கச்சி வருவாள், அவளுக்குக் கல்யாணம் நடக்கும், பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று வரும். களை கம்மி என்றால் நம்பியார் மத்தியானமே திருந்திவிடுவார். பிறகு அந்தப் பெண்கள் காசு கொடுத்து அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்து சண்டை பிடிப்பார்கள். "தங்கச்சியே இல்லையேக்கா!" அம்மா கொஞ்சமும் அசராமல், "கொட்டகைக்காரன் ரீலை வெட்டிப்போட்டிருப்பான். இதெல்லாம் கேக்கோணும், சும்மா வரப்படாது" என்பாள். ஒருத்தி உண்மையிலேயே போய்க் கேட்டாள் என்று கேள்வி.

எருமைகளுக்கு அவள் பெயர் வைத்த விதம் எங்கள் குடும்ப ஒற்றுமைக்கு உகந்ததாக இல்லை. எந்த எருமையிடம் எந்தச் சொந்தக்காரரின் சாயல் தெரிகிறதோ அந்தப் பெயர். ஒன்றுக்குச் 'சின்ன மாமன்'. பெண் எருமைதான், ஆனால் தீனி வைக்கும்வரை கத்தும், வைத்த பிறகு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். இன்னொன்று 'பெரியத்தை'. பாலெல்லாம் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, செம்பு நிறையும் சமயத்தில் ஒரு உதை. அப்பாவின் அக்காவை நீங்கள் பார்த்திருந்தால் பெயர்ப் பொருத்தத்தைப் பாராட்டுவீர்கள்.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் நிஜப் பெரியத்தை விருந்துக்கு வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் அம்மாவைப் பற்றி ஏதோ நல்லபடியாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நான் கட்டுத்தறியிலிருந்து ஓடி வந்து, "அம்மா, பெரியத்தை கயித்த அத்துக்கிட்டு வெள்ளாமைல பூந்துருச்சு! ரெண்டு பேரு வந்து புடிங்க!" என்று கூவினேன். அதற்குப் பிறகு திண்ணையில் நிலவிய அமைதியை நான் வங்கித் தணிக்கை நாட்களில் மட்டுமே சந்தித்திருக்கிறேன். அம்மா பதறவில்லை. "இருங்கக்கா, அவனுக்குக் காலைல இருந்து காச்சல், என்னமோ பெனாத்தறான்" என்று என் நெற்றியில் கையை வைத்தாள். அன்றைக்கு எனக்குக் கஞ்சிதான். விருந்துக்குச் செய்த கச்சாயம் எல்லாம் அத்தையின் தூக்குப்போசியில் ஊருக்குப் போயிற்று. கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தபோது அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.  வெள்ளாமையில் புகுந்த எருமை ஒரு மணி நேரம் மேய்ந்தபிறகுதான் எங்களுக்கு அதன் நினைவே வந்தது.

இந்தப் பெரியத்தை பிற்பாடு சினிமாவில் நடித்தது. கோபிக்கு அப்போது சின்னக் கோடம்பாக்கம் என்று பெயர். பச்சை வயல், வாய்க்கால், பின்னால் மலை. பாக்யராஜும் அந்தப் பக்கத்து வெள்ளாங்கோயில்காரர்தான். எண்பதுகளில் வாய்க்கால் மேட்டில் நடந்து போனால் ஏதாவது ஒரு கதாநாயகி எதிரே ஓடிவருவார். ஒரு படக் கம்பெனி எங்கள் வயலுக்கும் வந்தது. புல்லுக்கட்டோடு ஒரு கிராமத்துப் பெண் சோகமாகக் கடந்து போக வேண்டும். எருமையைக் கையில் பிடித்திருக்க வேண்டும். அம்மாவைக் கேட்டார்கள். உள்ளே போனவள் கல்யாணப் பட்டும் பவுடருமாக வெளியே வந்தாள். மறுபடி உள்ளே அனுப்பிப் பழைய சேலை கட்டவைத்தார்கள். சோகம்தான் பிரச்சினையாயிற்று. கேமரா ஓட ஆரம்பித்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். உதவி இயக்குநர் பையன், "அம்மா, உங்க கஷ்டத்தையெல்லாம் நெனச்சுக்குங்க" என்று கெஞ்சினான். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். "நெனச்சனுங்க. அதுக்குத்தான் சிரிப்பு வருதுங்க" என்றாள்.

படம் கோபிக்கு வந்தது. சாளையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனோம். திரையில் பெரியத்தை மட்டும் முழுதாக வந்தது. அம்மாவில் ஒரு கை வந்தது. அந்தக் கையைப் பார்த்து அவள் அடித்த விசிலுக்கு முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அப்பா இருட்டில் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் தூரி கட்டினால் அம்மா நின்றுகொண்டுதான் ஆடுவாள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் நின்றுகொண்டுதான். என்னை ஒரு தடவை ஏற்றிவிட்டாள். இறங்கி எலுமிச்சம்பழம் முகர்ந்தேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

அம்மா போனதும் ஊரில் பேனர் வைத்தார்கள். 'தியாகச் சுடரே, ஓயாத உழைப்பே' என்று போட்டிருந்தது. எழுதியவர்களுக்கு நல்ல மனசு. குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாய் என்றாலே ஒரு மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வரைந்து உருக வைத்துவிடும் நம்முடைய வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. இவள் உருகியவள் இல்லை. எங்களை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தவள். பேனருக்குப் படம் தேடியபோதே பையன்கள் திண்டாடினார்கள். எல்லாப் படத்திலும் சிரிக்கிறாள், பாதிப் படத்தில் பக்கத்தில் நிற்கிறவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவள் சிரிக்காத படம் ஆதார் அட்டையில் கிடைத்தது. அதைப் பெரிதாக்கி வைத்தார்கள். வாழ்நாளில் அவள் அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை.

இனி மஞ்சள் கதை. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். எருமை குறுக்கே வந்துவிட்டது.

வைகாசி, ஆனியில் மஞ்சள் நட்டால் தையிலும் மாசியிலும் வெட்டு. ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ விதை மஞ்சள் வேண்டும். ஒன்பது மாசம் மண்ணுக்குள் இருப்பதை வெட்டியெடுத்து, கொப்பரையில் வேகவைத்து, களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து ஈரோட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே விலை என்று ஒரு சாமி இருக்கிறது. அது எப்போது வரம் கொடுக்கும், எப்போது கண்ணைக் குத்தும் என்று யாருக்கும் தெரியாது. காய்ந்த மஞ்சள் சீக்கிரம் கெடாது என்பதால் விலை ஏறட்டும் என்று குடோனில் வைத்துக் காத்திருக்கலாம். அங்கேதான் என்னைப் போன்ற அறிஞர்களின் சேவை தேவைப்படுகிறது.

2010-ல் மஞ்சள் விலை ஏறு ஏறென்று ஏறி, குவிண்டால் 15,000 ரூபாயையும் தாண்டியது. அப்பா தவறிய வருஷம் அது. அம்மா தோட்டத்தைவிட்டு வரமாட்டேன் என்று தனியாக இருந்தாள். மூட்டைகள் குடோனில் இருந்தன. விற்றுவிடட்டுமா என்று என்னைக் கேட்டாள். நான் பல வருஷம் பயிர்க்கடன் கொடுத்தவன். மஞ்சளைப் படிவத்தில் எத்தனையோ ஏக்கர் பார்த்திருக்கிறேன். "விக்காதீங்கம்மா, இருபதாயிரம் போகும்" என்றேன். "நீ சொன்னாச் சரி சாமி. பேங்குக்காரனுக்குத் தெரியாததா?" என்றாள்.

அடுத்த வருஷம் விலை இறங்க ஆரம்பித்தது. 2012-ல் 5,000-க்கும் கீழே போயிற்று. அந்தக் காலம் முழுக்க தினமும் காலையில் நான் காப்பியைக் கையில் எடுக்கும்போது போன் வரும். "சாமி, இன்னைக்கு மஞ்சள் வெலை என்ன?" நான் பேப்பரைப் பார்த்து, இருப்பதைவிட நூறு இருநூறு கூட்டிச் சொல்வேன். "கொஞ்சம் எறங்கியிருக்கும்மா. ஏறிரும்." "ஏறிருமா சாமி?" "கண்டிப்பா." "நீ சொன்னாச் சரி." இந்தச் 'சரி' என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். காப்பி ஆறிவிடும். ராத்திரி தூக்கம் வராது. இதே நாட்களில் மனைவி கையில் புதிதாக ஒரு ஜோடி வளையல் ஏறியிருந்தது. "கவரிங்கா?" என்றேன். "ஆமா" என்றாள். தங்கத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கியில் அதிகாரியாக இருந்தவன் நான்.

கடைசியில் விலை ஏற வேண்டுமென்று பண்ணாரி அம்மனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். பொதுவாகக் காரியம் நடந்த பிறகுதான் நேர்த்திக்கடனைச் செலுத்துவார்கள். நான் வங்கிக்காரன், முன்பணம் கட்டினால் காரியம் சீக்கிரம் நகரும் என்று நம்புகிறவன். அம்மாவும் மனைவியும் கூட வந்தார்கள். மொட்டை போட்டு, குளித்து, கும்பிட்டு, பண்ணாரியில் விபூதிக்குப் பதிலாகக் கொடுக்கும் மண்ணை வழுவழுத் தலையில் நெற்றி எது உச்சி எது என்று தெரியாமல் பூசிக்கொண்டேன். அம்மா பொரிகடலை தின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். திரும்பிவரும் பஸ்ஸில் சத்தியமங்கலம் தாண்டியதும், "சாமி, அந்த மஞ்சளை நீ விக்காதீன்னு சொன்ன மறுநாளே வித்துப்போட்டேன்" என்றாள்.

நான் பேசவில்லை. தலையில் காற்று மட்டும் பட்டுக்கொண்டிருந்தது.

"எந்த வெலைக்கு?"

"உச்சத்துலதான். நீ நெலத்தப் பத்தி என்ன சொன்னாலும் அதுக்கு மாத்திப் பண்ணோணும்னு உங்கப்பா எப்பவோ சொல்லியிருக்காரு. ஒரு தடவகூடத் தப்புனதில்லை."

"அப்ப எதுக்கும்மா தெனமும் போன் பண்ணி வெலை கேட்டீங்க? மொட்டைக்கு முன்னாடியாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"முடி வளந்துரும் சாமி" என்றாள். அப்புறம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நடத்துனர் என்ன ஏது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். கோபி வரும்வரை புதிதாக ஏறிய ஒவ்வொருவருக்கும் விஷயம் முறைப்படி சொல்லப்பட்டது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள், வளையல்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் பாய்ந்தேன். எல்லாம் தெரிந்தும் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாயே என்றேன். "மாமா போனப்பறம் உங்கம்மா தோட்டத்துல தனியா இருந்தாங்க. மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவீங்க நீங்க. தெனமும் உங்ககிட்டப் பேச ஒரு சாக்கு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் மொட்டைத் தலையோடு வாதாட முடியாது.

மறுநாள் காலையும் போன் வந்தது. "சாமி, இன்னைக்கு மஞ்சள் வெலை என்ன?" பேப்பரைப் பார்த்துச் சொன்னேன், இந்த முறை கூட்டாமல். கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்; நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

தோட்டத்தை இப்போது குத்தகைக்கு விட்டிருக்கிறோம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மா இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது எருமைப் பெயர் வைத்திருப்பாள். நான் இன்னும் பேப்பரை மஞ்சள் விலைப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிக்கிறேன். ஆகவே மஞ்சளைக் குடோனில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் தாராளமாக என்னைக் கலந்தாலோசிக்கலாம், கட்டணம் கிடையாது. விலை இன்னும் ஏறும் என்பது என் உறுதியான கருத்து. நாளைக்கே விற்றுவிடுங்கள்.